தங்கை கழுவிய வயிறு

எங்கள் ஊரான தோத்தோனிகாப்பானின் பேருந்து நிறுத்தத்தில் சோளக்கஞ்சி விற்ற எலிஹியாவின் கால் நரம்புகளைச் சர்க்கரை நோய் தின்றுவிட்டிருந்தது. பாவாடை ஓரம் பட்டாலே பாதம் தீயாய் எரியும். கணவன் அந்த முனகலைச் சில காலம் பொறுத்தான். பிறகு வடக்கே பிழைக்கப் போனவன் திரும்பவில்லை. மிஞ்சியவள் தங்கை பெத்ரோனா. கஞ்சிப் பானையைச் சுமந்து வருவாள், வம்பிழுத்தபடியே.

"மகாராணி உக்காந்திருக்கா பாரு. கரண்டியையும் நானே பிடிக்கணுமா?"

"பிடிடி. மாப்பிள்ளை கிடைக்காத கை, வேற எதுக்கு ஆகும்?"

மாத்திரைகள் கைவிட்ட பிறகு, மருத்துவமனைக்கு ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்காக வந்தார். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சீர்கெட்டால் நரம்பு வலி கூடலாம். நலமாயிருப்பவரின் மலத்திலிருந்து அவற்றை எடுத்து எலிஹியாவின் குடலில் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். பலிக்குமென்று சத்தியம் செய்யவில்லை. கொடுக்க முன்வந்த பெத்ரோனாவின் பரிசோதனைகள் சரியாக வந்தன. "இனி மருந்து எதுவும் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

"கடைசில உன் பீதான் என்னைக் காப்பாத்தணுமா?" என்று எலிஹியா சிரித்தாள். அவள் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

குறித்த நாளில் பெத்ரோனா வெளுத்த முகத்தோடு, ஆனால் பெருமையோடு வந்து நின்றாள்.

"அக்காவுக்குக் குடுக்கறது அழுக்கா இருக்கலாமா டாக்டரம்மா? பேதிக்குக் குடிச்சேன். பெட்டிக்கடை கேப்சூலும் தினம் முழுங்கினேன். உள்ள ஒரு கிருமி இருக்காது, கழுவி வச்சிருக்கேன்!"

எங்கள் ஊர்க் கடைகளில் கிருமியைக் கொல்லும் அந்தக் கேப்சூல் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் தொங்கும். வயிறு உப்பினால் ஒன்று, விருந்துக்குப் பிறகு ஒன்று. அதை மருந்தென்று யாரும் நினைப்பதில்லை.

டாக்டரம்மா நாற்காலியில் சரிந்தார். "நமக்கு வேண்டியதே அந்தக் கிருமிங்கதான்மா. அதையெல்லாம் கொன்னுட்டு வந்திருக்கீங்களே. திரும்ப வளர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் ஆராய்ச்சி இங்க இருக்காது. இப்ப வேற ஆளைச் சோதிக்கவும் நேரமில்ல."

பெத்ரோனா அலறி விழுந்து அக்காவின் பாதங்களை இறுகக் கட்டிக்கொண்டாள். எலிஹியா உதட்டை ரத்தம் வரக் கடித்தாள். கத்தினால் தங்கை கையை எடுத்துவிடுவாள். எடுத்த பிறகு என்றைக்கும் தன்னைத் தொடமாட்டாள்.

அதன்பின் எலிஹியா வலி என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. கேட்டால், "பரவால்லடி" என்பாள். பெத்ரோனா அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.