சலூன்காரரின் பாசி ஜாடி

முடி வெட்டி, துண்டை உதறி, வாடிக்கையாளர் வாசல்வரை போன பிறகுதான் அவர் கூப்பிடுவார்: “ஒரு நிமிஷம், சார்.” காதோரம் ஒரே ஒரு முடி மிச்சமிருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தே ஆகவேண்டும். தெருவில் அவருக்குப் பெயரே ‘ஒருநிமிஷம்’தான். கை சும்மா இருக்காத மனிதர்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு போயும் போயும் பாசி வளர்க்கக் கிளம்பினார். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். ஒற்றை ஜன்னல் அறை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவளுக்கு மேசைமேல் கொஞ்சம் பச்சை இருக்கட்டுமே என்று யோசனை. கண்ணாடி ஜாடியின் அடியில் சரளைக்கல், மேலே கரித்தூள், பிறகு மண். சலூனின் பின்சுவரில் குழாய் கசியும் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பாசி. நாலு சொட்டுத் தண்ணீர், இறுக்கமாக ஒரு மூடி. சும்மா விட்டால் அதுபாட்டுக்கு வளரும்.

சும்மா விடுவதாவது! தலைக்குத் தெளிக்கும் ஸ்பிரேயை எடுத்து, மூடியைத் திறந்து, “தொண்டை வறண்டு கிடக்குது, பாவம்” என்று தெளித்துக்கொண்டே இருந்தார். முதல் ஜாடி அழுகி நாறியது. அடுத்ததும் அதே கதி.

“பாசியையும் பொண்ணு மாதிரியே வளர்க்கிறீங்க,” என்றாள் மனைவி. “அவளுக்கும் மூச்சு முட்டித்தான் போனை எடுக்கிறதில்ல.”

“சாப்பிட்டியான்னு கேக்கறது ஒரு தப்பா?”

“மணிக்கொரு தரமா கேப்பாங்க?”

மகள் கொஞ்ச நாளாகவே போனை எடுப்பதில்லை. ‘வேலையா இருக்கேன்’ என்று செய்தி மட்டும் வரும். அவருக்கு அது தாங்கவே முடியவில்லை.

மூன்றாவது ஜாடியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். ஸ்டூல் போட்டால்தான் எட்டும் தட்டில் வைத்தார். ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தையல்கடையில் கொடுத்துவிட்டார். பாசி கொழுகொழுவென்று வளர்ந்தது. மகளைப் பார்க்கப்போன மனைவி அதை மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அடுத்த வாரம், பாதி வெட்டிய தலை நாற்காலியில் காத்திருக்க, போன் அடித்தது. மகள்! அவளாகவே!

“அப்பா, ஜாடிக்குள்ள தண்ணி முத்து முத்தா நிக்குது. திறந்து துடைக்கட்டுமா?”

“வேணாம்மா. திறக்காத. அதுவே பாத்துக்கும்.”

“சரிப்பா… அப்புறம்?”

கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

“ஒண்ணுமில்லம்மா. வெச்சுடறேன்.”

அவரேதான் முதலில் வைத்தார். போனைக் கவிழ்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். மீதித் தலையை வெட்டி முடித்தார்; வாடிக்கையாளர் வாசல்வரை போனபோது கூப்பிடவில்லை.