ஏழாம் நிமிஷத்து மேடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூத்தவரான அக்காவுக்கு 'ஏழாம் நிமிஷம்' என்று பட்டப்பெயர். பத்தொன்பது வருஷமாகக் கலவைகளைப் பிரித்துப் பார்ப்பதே அவர் வேலை. தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் திரவத்தைச் செலுத்துவார். கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது திரையில் கோடு ஒரு மேடாக எழும். எந்தப் புதுக் குழாய் வந்தாலும் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் அதில் ஓட்டிப் பார்த்துவிடுவார். ஏழாம் நிமிஷம் ஒரே ஒரு மேடு வரும். மண்ணிலிருந்து ஊறும், கெடுதல் இல்லாத பொருள் அது. அந்தக் கோடு அவருக்கு மனப்பாடம். அதை நம்பித்தான், "கேன் தண்ணி வாங்கிக் காசைக் கரியாக்காதீங்க" என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை நான் செய்த புதுக் குழாயைக் கொடுத்தேன். உட்சுவரில் பாலிமர் பூசி, அதில் தங்க நானோ துகள்களைப் பதித்திருந்தேன். ஒரு வருஷ உழைப்பு.

அக்காவின் தண்ணீர் ஓடியது. ஏழாம் நிமிஷம் மேடு வந்தது. எட்டாம் நிமிஷம் இன்னொன்று வந்தது.

"உன் தங்கப்பொடி உதிருது," என்று எரிந்து விழுந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. சுத்திகரித்த தண்ணீரை ஓட்டிக் காட்டினேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"உதிரலக்கா. பழைய குழாயில ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. இதுலதான் பிரியுது." பெருமையாகத்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா அலமாரியிலிருந்த மாதிரிப் பொருள் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டினார். நாலாவது புட்டியின் மேடு எட்டாம் நிமிஷத்தில் அப்படியே பொருந்தியது. ஆலைகளில் இயந்திரம் கழுவும் கரைப்பான். குடித்தால் ஈரலைத் தின்னும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வீட்டில் மகள் இருக்கிறாள், ஆறு மாதக் கர்ப்பம். நிறையத் தண்ணீர் குடி என்று அவளைத் தினமும் விரட்டுவதே அக்காதான்.

மகளை அழைத்து, போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினார்.

"தண்ணி குடிக்காத."

"எந்தத் தண்ணிம்மா?"

"நம்ம வீட்டுத் தண்ணி. சமைக்கவும் வேண்டாம்."

"இப்பதான் ஒரு பாட்டில் குடிச்சேன். நீதானே மெஷின்ல பார்த்துட்டு நல்ல தண்ணின்னு சொன்ன?"

அக்கா திரையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு மேடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஒரே மேடாத்தாண்டி இருந்துச்சு," என்றார்.