ஹக்கா மொழிக்காக வாக்குக் கேட்ட எங்கள் அத்தான்

எங்கள் அத்தான் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலர் அவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் கண்டிருப்பீர்கள். வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாங்கோ, வாங்கோ" என்று வரவேற்றவர் அவர்தான்.

அத்தான் கிழக்குத் திமோரின் டிலி நகரில், ஹக்கா மொழி பேசும் சீனக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். போர் மூண்டபோது குடும்பம் கடையைப் பூட்டிவிட்டு டார்வினுக்குத் தப்பி வந்து, பிறகு மெல்பேர்ணில் குடியேறியது. அங்கே டண்டினோங் புறநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது, பொதி கட்டும் பிரிவில் இருந்த என் அக்காவைச் சந்தித்தார். எங்கள் அம்மா திருமணத்துக்குச் சம்மதிக்கவில்லை. அத்தான் பாடுபட்டுத் தமிழ் பழகிக்கொண்டு வந்து, "மாமி, நான் நல்ல பெடியன். விசாரிச்சுப் பாருங்கோ" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

அத்தான் அரசியலுக்கு வந்தது ஒரு கோபத்தால். எங்கள் பகுதிக் கவுன்சில் நடத்தும் நூலகத்தில் பல மொழிகளில் சிறுவர் கதைநேரம் தொடங்கினார்கள். ஹக்காவுக்கும் ஒரு மணி நேரம் கேட்டார். சீன மொழி ஏற்கெனவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாண்டரின் வேறு, ஹக்கா வேறு என்று அவர் விளக்கியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே என்னிடம் வந்து, "மச்சான், நான் கவுன்சில் எலெக்‌ஷன்ல நிக்கப் போறன்" என்றார்.

தேர்தல் கூட்டத்தில் நான் முன்வரிசையில் இருந்தேன். சீனச் சமூகப் பெரியவர் ஒருவர் எழுந்தார். பிள்ளைகளுக்கு மாண்டரின் போதும், ஹக்கா என்று சொல்லி எங்களைப் பிரிக்காதே என்பது அவர் வாதம். கடைசியில், "உன் மகள் ஹக்கா பேசுவாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்காவின் மகள் தர்சினி, பல்கலைக்கழக மாணவி, என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்குத் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே தெரியும்.

அத்தான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "பேசமாட்டாள். நான் இரண்டு இடத்தில் வேலை செய்தேன். அவளோடு என் மொழியில் பேசாமல் விட்டது என் பிழை" என்றார். அந்தத் தேர்தலில் தோற்றும் போனார்.

காரில் வரும்போது தர்சினி அழுதாள். "ஏனப்பா எல்லாருக்கும் முன்னால சொன்னீங்கள்?"

"பொய் சொல்லி வோட்டுக் கேக்கேலாது, பிள்ளை."

இரண்டு வாரம் அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே போய், "எனக்குச் சொல்லித் தாங்கோ" என்றாள். அத்தான் வீட்டுக் கராஜில் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கினார். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு தர்சினியும் நிலத்தில் இருந்து படித்தாள்.

அடுத்த தேர்தலில் எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோரும் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். அத்தான் வென்றார். நூலகத்தில் ஹக்காக் கதைநேரம் வந்தது. முதியவர்களின் பழைய பாடல்களை ஒலிப்பதிவு செய்ய வைத்தார். கவுன்சில் அறிவித்தல்களில் ஹக்காவும் ஒரு மொழியாக இடம்பெற்றது. கூட்டத்தில் கேள்வி கேட்ட அதே பெரியவர் ஒருநாள் பேரனைக் கதைநேரத்துக்குக் கூட்டி வந்தார். அத்தான் அவருக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

பிடிவாதமும் அவரிடம் உண்டு. தமிழர் பொங்கல் விழாவில் வாழ்த்துரைக்கு அழைத்தால் ஹக்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அக்கா போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

பாரிசவாதம் மூளையைத் தாக்கியபின் ஆங்கிலமும் தமிழும் அவரை விட்டுப் போய்விட்டன. ஹக்காதான் மிஞ்சியது. வைத்தியரிடமும் அக்காவிடமும் அவர் சொல்வதைத் தர்சினிதான் மொழிபெயர்த்தாள். கடைசி நாள் அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அக்கா.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறார், அம்மா."

அக்கா காலையிலிருந்து ஒன்றும் உண்டிருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம், சாப்பிட்டனான்" என்றார்.

அத்தானைப் பராமரித்த தாதியர்க்கும், இறுதிவரை உடனிருந்த ஹக்கா அன்பர்களுக்கும், தமிழ்ப் பாடசாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுப்பு மூட்டாத அந்த நாட்களில் முறை வைத்துச் சோறு கொண்டுவந்து, அக்கா உண்ணும்வரை பக்கத்தில் இருந்தீர்களே, அதை நாங்கள் மறக்கமாட்டோம்.

அன்பு மைத்துனன்