ஞானஸ்நானத்தில் கேட்ட குரல்

நடந்தவை, வரிசைப்படி:

1. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகனுக்கு, அவருடைய முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

2. எங்கள் ஆலயத்தின் தமிழ் ஆராதனையை இணையத்தில் நேரலையாகக் காட்டுவது நான். அண்ணனிடம், "முன் பெஞ்சில இருந்து கேக்குற மாதிரி கேக்கும் அண்ணா. போதகர் மூச்சு விடுறதுகூடக் கேக்கும், பாத்துக்கோ" என்றேன்.

3. சனிக்கிழமை ஒத்திகையில், ஆலயத்தின் ஒலி மிக்ஸரிலிருந்து மடிக்கணினிக்குச் சத்தத்தைக் கொண்டுவரும் கேபிள் செத்துப்போயிருந்தது.

4. மடிக்கணினியின் சொந்த மைக்கை இயக்கி வைத்துவிட்டு, புருவம் திருத்தப் போனேன்.

5. ஞாயிறு காலை பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டபோது, மஸ்கட்டிலும் மார்த்தாண்டத்திலும் இருந்த உறவினர்கள் தெளிவாகக் கேட்டது என் குரலை.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதுக் கேபிள் வாங்க சாலைக் கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். கடையும் திறந்திருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் புருவத்துக்கு நேரம் குறித்து வைத்திருந்தேன். மறுநாள் குடும்பப் புகைப்படம் உண்டு.

இன்னொன்றும் தெரியும். எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் பெயரைத் தாய்தான் தேர்ந்தெடுப்பாள். ஆலயத்தில் அதைச் சொல்லும்வரை, அங்கே அதை அறிவிக்கும் ஞானத்தாயைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டாள். அதுவரை எல்லாருக்கும் அது பாப்பாதான். அண்ணனின் மனைவி, என் மைனி, அவரிடம்கூடச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "எனக்க மகளுக்க பேர நானும் எல்லாரோடயும் சேந்தே கேக்குறேன். நீ இருக்கல்லா, பின்ன என்ன?" என்று என்னிடம் போனில் சொன்னார். அந்த "நீ இருக்கல்லா"வைக் கேட்டு இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

ஞாயிறன்று ஆலயத்தின் பின்பக்கம், மடிக்கணினி மேசையில் நானும் என் தோழியும். பாட்டு வரிகளைத் திரையில் போடுவது அவள் வேலை. போதகர் ஜெபத்தைத் தொடங்கியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எட்டி, அந்தக் கேபிள் செரியாச்சா?"

"எங்க? நேத்தே தெரியும் போச்சுன்னு. சொன்னா மானம் போவும்லா? அண்ணன் கேட்டா நெட்டு செரியில்லன்னு சொல்லிக்கலாம்."

"அடப்பாவி!"

"சும்மா இரி. நான் இல்லன்னா இந்தச் சபை இருட்டுல கெடக்கும். அங்க பாரு, சித்திக்க சேலைய. கல்யாணப் பந்தல அவிழ்த்துச் சுத்திட்டு வந்திருக்கா."

சித்தி ஞானத்தாய். பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டியவர். சித்தி அந்தப் பெயரைச் சொன்ன நேரமும், நான் சேலையைச் சொன்ன நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு சாண் தூரத்தில் மடிக்கணினியின் மைக் தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. சித்தியின் கணவர் மார்த்தாண்டத்தில், காலில் மாவுக்கட்டுடன், வீட்டு டிவியில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார்.

எச்சரிக்க எல்லாரும் என்னை அழைத்திருக்கிறார்கள். என் கைபேசி அணைந்து கிடந்தது. ஆராதனை தொடங்குமுன் கைபேசியை அணைக்கச் சொல்லித் திரையில் வரும் அறிவிப்பு நான் செய்தது.

வெளியே வந்து போனை இயக்கியதும் அண்ணன் அழைத்தார்.

"எட்டி, போதகர் மூச்சு கேக்கல. ஒனக்க மூச்சுதான் கேட்டுது."

"அண்ணா, நெட்டு கொஞ்சம்..."

"நெட்டு நல்லா இருந்துது மோளே. அதனாலதான எல்லாம் கேட்டுது."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "பேர மார்த்தாண்டத்து சித்தப்பா சித்திட்ட கேட்டு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு. அது போட்டும். பேரு சொன்னப்போ பாப்பா அழுதாளா, முழிச்சிப் பாத்தாளா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் உத்தியோகம் மென்பொருள் சோதனை. அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன். தெரிந்த பிழையோடு ஒன்றை வெளியிட்டால், அந்தப் பிழையை எழுதிச் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் ஒரு முற்றுப்புள்ளிக்குக்கூட நான் விட்டுக்கொடுத்ததில்லை.

அம்மா எதற்கும் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று சேர்ப்பாள். சாயங்காலம் மீன் வாங்குவதற்குக்கூட. நாளை நம்முடையது அல்ல, அதைப் பற்றிப் பெருமை பேசாதே என்று ஞாயிறு பள்ளியில் எனக்கும் சொல்லித்தந்தார்கள். நான் அண்ணனிடம் அந்த வார்த்தையைச் சேர்க்கவில்லை. அது ஒரு தவறு. ஆனால் சேர்த்திருந்தால் மட்டும் என்ன? சனிக்கிழமைக்குப் பிறகு அதைச் சொல்லியிருந்தால், என் கேபிளைக் கர்த்தர் தலையில் கட்டியதாக ஆகியிருக்கும். அது அவர் சித்தம் அல்ல, என் சோம்பல். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்து செய்யாமல் விடுவது பாவம் என்பதும் அதே வகுப்பில் படித்ததுதான். பெருமையைப் பணிவான சொற்களால் கொஞ்சம் மறைக்கலாம். தெரிந்தும் விட்டதை எந்தச் சொல்லாலும் மறைக்க முடியாது. நான் இரண்டையும் ஒரே நேரலையில் செய்தேன், சாட்சிகளோடு.

அண்ணனிடம் நெட்டை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்த உண்மைதான். புருவம் மட்டும் அவருக்குப் புதிது. மறுநாள் போதகரிடம் போய், அண்ணன் வரும்போது அந்தப் பகுதியை மட்டும் மறுபடி நடத்த முடியுமா என்று கேட்டேன்.

"ஞானஸ்நானம் ஒருக்காதான் மோளே" என்றார். "கேபிள்தான் ரெண்டாவது வாங்கலாம்."

இப்போதைய நிலை இது. புதுக் கேபிள் வந்துவிட்டது. பையில் மாற்றுக் கேபிள் ஒன்றும் இருக்கிறது. நேரலை ஒழுங்காக ஓடுகிறது. சித்தி என்னோடு பேசுகிறார், சித்தப்பா என்னைப் பார்த்தால் இன்னும் சிரிக்கிறார். அண்ணனுக்கு டிசம்பரில் லீவு. தன் மகளின் பெயர் ஆலயத்தில் சொல்லப்பட்டதை அவர் கேட்கவில்லை, இனி கேட்கவும் முடியாது. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு வீடியோ எடுக்க மைனி வேறு ஆளைச் சொல்லியிருக்கிறாள்.