நெலிமா வீட்டுத் தூக்கம்

நைவாஷா ஏரிக்கரை ரோஜாத் தோட்டத்தில் என் பெண்டாட்டி கதோனிக்கு மறுபடி வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வர வேண்டும், கைப்பிள்ளையோடு வரக் கூடாது, இல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்கு என்று மேற்பார்வைக்காரன் சொல்லிவிட்டான். எங்கள் வைரிமுவுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. யாரிடம் விடுவது என்பதுதான் பாடு.

முதலில் போன வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. பிள்ளைகள் எல்லாம் வரிசையாகத் தூங்கின. கதோனிக்குப் பிடித்துப்போயிற்று.

"காலையில இத்தனை பிள்ளையும் ஒண்ணா தூங்குமாடி? என்னத்த ஊத்திக் குடுக்கிறாளோ!" என்றேன்.

கதோனி என் விலாவில் கிள்ளினாள். ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே வந்தவள் அவள்தான்.

பிறகு நெலிமாவிடம் போனோம். அவளும் தோட்டத்தில் ரோஜா தரம் பிரித்தவள். பூச்சிமருந்து நெடி நெஞ்சில் கட்டி, வீட்டோடு இருந்துவிட்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி விட்டுப்போன பிள்ளை தூங்காமல் வீறிட்டிருக்கிறது. அதன் அப்பன் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். இவள் வேறு வழி தெரியாமல் வாயாலேயே வண்டி ஓட்டியிருக்கிறாள். பிள்ளைக்குக் கண் சொருகிவிட்டதாம். அன்று பிடித்த தொழில்.

எங்களிடம் அவள் கேட்டதும் அதைத்தான்.

"பாப்பா எந்தச் சத்தத்துல தூங்குவா?"

"சத்தமா? தூங்கினா தூங்குவா" என்றேன்.

கதோனி சிரித்தாள். "பம்ப்பு சத்தம் அக்கா. இவரு பாக்குற தண்ணி பம்ப்பு. எங்க வீடு அதை ஒட்டித்தான். அது நின்னா இவ முழிச்சுக்குவா."

"எங்க, ஓட்டிக் காட்டுங்க வைரிமு அப்பா."

"நான் என்ன வித்தைக்காரனா?"

"திங்கக்கெழமை நான் வேலைக்குப் போகணுமா வேண்டாமா?" என்றாள் கதோனி.

ஓட்டினேன். டுக்கு டுக்கு டுக்கு. அங்கிருந்த பொடிசுகள் உருண்டு சிரித்தன. நெலிமா மட்டும் சிரிக்காமல் கேட்டு, தானும் ஓட்டினாள்.

"அது புது பம்ப்பும்மா. எங்களது கெழம். நடுநடுவே இருமும்."

நெலிமா இருமிப் பார்த்தாள். வைரிமு கையைத் தட்டினாளே தவிர, தூங்குகிற வழியாக இல்லை. கதோனி முகம் சுண்டிவிட்டது. "வேற ஆளு பாக்க இனி நேரமில்ல. இங்கயே விடுவோம்" என்றாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பிள்ளை என்ன பாடு படுகிறதோ என்று அங்கே போனேன். ஏரியில் வெயில் பாலாடை மாதிரி படிந்திருந்தது. சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டேன். நெலிமா ஒரு பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அசைந்து அசைந்து நடந்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் ஒன்று தொலைவில் போய்க் கரைந்தது. தகரத்தின் மேல் தூறல் விழுந்தது. யாரோ மாவு சலித்தார்கள். எல்லாம் அவள் வாயில்தான். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது வழுக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் என் பம்ப் ஓடியது. இருமல் சரியான இடத்தில் விழுந்தது. முதுகுத் துணிக்கு வெளியே வைரிமுவின் கை தளர்ந்து தொங்கியது. ஏரியே அந்த வீட்டுக்குள் வந்து மெல்லத் தளும்புவது போலிருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்தேன்.

யாரோ தோளை உலுக்கினார்கள்.

"வைரிமு அப்பா, அங்க பம்ப்பை யாரு பாக்குறா?"

"பிள்ளை?"

"அவ எழுந்து கஞ்சி குடிச்சு விளையாடிட்டிருக்கா. உங்களைத்தான் எழுப்ப மனசு வரல."

தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன். கதோனியிடம் சொல்லாதே என்று போகிற போக்கில் கெஞ்சினேன். சாயங்காலம் ரோஜா வாசத்தோடு, நெலிமாவிடமிருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்த கதோனி, வாசலிலேயே என்னைப் பார்த்து, "உங்களுக்கும் சேர்த்துக் கூலி கேக்கப் போறாளாம்" என்றாள்.