கிணற்றடியில் நிலாக் கும்மி

மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் கொடி இறங்கப்போகிறது என்று எங்கள் ஊர் காஜா பெராங் முழுவதும் பரபரத்துக் கிடந்த வருஷம், என் கவலையெல்லாம் நிலாவில் மாட்டிக்கொண்ட ஒருத்தியைப் பற்றித்தான். சிரிக்காதீர்கள்.

ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். கணவர் காலையில் பண்டார் ஹிலிருக்குக் கடை வேலைக்குப் போய்விட்டால் பேச ஆள் கிடையாது. என் வாயோ சும்மா இருக்காது. கிணற்றடியில் துணி துவைக்க வரும் பக்கத்து வீட்டுச் செட்டி அக்காதான் ஒரே துணை. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துவிட்ட செட்டிக் குடும்பம் அவருடையது. நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்ப் பெண்கள் உடுத்தும் சரோங் கெபாயா, வாயில் மலாய். 'அக்கா', 'தங்கச்சி' மாதிரி நாலு வார்த்தையைத் தவிர அவருக்குத் தமிழ் வராது. என் மலாயோ தோட்டத்து மலாய். அதில் நாங்கள் பேசிக்கொண்டதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

எங்களைச் சேர்த்துவைத்தது பாட்டுதான். மதராஸிலிருந்து கப்பலில் வரும் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை. ஒருத்தி ராக்கெட்டில் தன்னந்தனியாக நிலாவுக்குப் போகிறாள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் கும்மிப் பாட்டாகக் கட்டிவிடுவேன். கல்லில் துணி அடிக்கிற சத்தமே தாளம்.

"எட்டாத வானத்தில் ஏறிப்போ னாளடி
இறங்க வழியில்லை பாருங்கடி!"

பாடிவிட்டு அர்த்தத்தை அரைகுறை மலாயில் சொல்வேன். அக்கா விடுவாரா? சோப்புக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பந்துன் என்கிற மலாய்ப் பாட்டில் நாலு வரி பதில் பாடுவார். ஒருநாள், 'கூந்தலை இறுக்கி முடி பெண்ணே, மேலே காற்று பலம்' என்று பாடினார்.

"நிலாவில் காற்றே கிடையாதுக்கா."

"அப்போ தலை கலையாது. நல்லதாப் போச்சு!"

ராக்கெட் பழுதான வாரத்திலிருந்து காலையில் முதல் கேள்வியே, "சுடா பாலேக்?" என்பதுதான். திரும்பி வந்துவிட்டாளா? "இன்னும் இல்லக்கா" என்பேன்.

அடுத்த கப்பலில் வந்த பத்திரிகையைப் பிரித்தால், கதை எழுதின பாவி மனுஷன் அவளைக் கொன்றுவிட்டான்! மூச்சுக்காற்று தீர்ந்து செத்துப்போனாளாம். இதை எப்படிச் சொல்வேன்? கதை முடிந்தால் பாட்டு முடியும். பாட்டு முடிந்தால் அக்கா பேசாமல் துணியை அலசிக்கொண்டு போய்விடுவார், மறுபடியும் நான் தனி. அந்தப் பயத்தில் கூசாமல் புளுகினேன். நிலாவில் ஒரு குகை, குகைக்குள் நல்ல காற்று என்று இரண்டு வாரம் ஓட்டினேன்.

என் கணவர்தான் போட்டு உடைத்தார். வேலி ஓரம் அக்கா அவரிடம் "சுடா பாலேக்?" என்று கேட்டதும், "அந்தப் பொம்பள செத்து ரெண்டு வாரம் ஆச்சே!" என்று மலாயில் சொல்லிவிட்டார்.

"உங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?" என்று கத்தினேன். என்ன கத்தி என்ன? அக்கா நாலு நாள் கிணற்றடிக்கு வரவில்லை. அவ்வளவுதான், இருந்த ஒருத்தரும் போய்விட்டார் என்று அழுதேன்.

ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டனுப்பினார். பழம் பழுக்கும் பருவத்தில் செட்டி வீடுகளில் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். அந்தப் படையலைப் பர்ச்சு என்பார்கள். கூடத்தில் வாழை இலைகள் வரிசையாக விரித்து, சோறும் மீனும் டுரியான், மங்குஸ்தீன் பழங்களும் வைத்திருந்தார். மாமனாருக்கு, மாமியாருக்கு, தன் அண்ணனுக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓரத்தில் ஒரு இலை வெறுமையாக இருந்தது.

"இது யாருக்குக்கா?"

"நிலாக்காரிக்கு. அங்க அவளுக்கு யார் இருக்கா?"

"அது கதைக்கா..."

"நீ பாடின. நான் பதில் பாடினேன். இப்ப யாரோன்னு விட்டுட முடியுமா?"

"பொய் சொன்னேன்னு கோபமாக்கா?"

"பின்ன? ரெண்டு வாரம் அவளப் பட்டினி போட்டுட்டியே!"

நான் நினைத்துப் பயந்த கோபம் இதுவல்ல. அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அவளுக்கு என்ன பிடிக்கும்? அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன்" என்றார்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டதாகக்கூட அந்தக் கதைக்காரர் எழுதவில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

"கருவாட்டுச் சம்பல்க்கா. நல்லா உறைப்பா."

அக்கா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.