பீரங்கி அண்ணனுக்கு, ஆட்கள் எனக்கு

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் வீட்டுக்குக் கொஞ்சமும் உபயோகமில்லாதது ஓர் ஈயப் பீரங்கிப் படை. விரல் நீளப் பீரங்கி ஒன்று, குண்டு வண்டி ஒன்று, குதிரை நான்கு, சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆறு பேர். பீரங்கிக்குள் ஸ்பிரிங் உண்டு. தீக்குச்சியை நுழைத்து இழுத்துவிட்டால் பாயும்.

காரைக்குடி வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனும் நானும் ஆளுக்கு மூன்று சிப்பாய்களை நிறுத்தி, பீரங்கியை மாற்றி மாற்றிச் சுடுவோம். எவனுடைய மூன்று பேரும் முதலில் சாய்கிறார்களோ அவன் தோற்றான். சிறு வயதில் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனுக்கு நாற்பது, எனக்கு முப்பத்தைந்து. எங்கள் பிள்ளைகள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட காலம் அது.

அறுபதுகளின் கடைசியில் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பாகம் என்றால் கரண்டி வரைக்கும் பாகம்தான். குத்துவிளக்குக்குக் குத்துவிளக்கு, ஜாடிக்கு ஜாடி என்று பிரித்துக்கொண்டே வந்த பங்காளிப் பெரியவர் ஒருவர் கடைசியில் இந்தப் பெட்டியைத் திறந்தார். முழுதாக எனக்கு வேண்டும் என்றேன். அண்ணனும் அதையே சொன்னார். பெரியவர் யோசிக்கவே இல்லை.

"பன்னெண்டு உருப்படி இருக்கு. ஆளுக்கு ஆறு. முடிஞ்சுச்சு."

பீரங்கியும் வண்டியும் குதிரைகளும் அண்ணனுக்குப் போயின. சிப்பாய்கள் எனக்கு வந்தார்கள். பீரங்கியை மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்டேன்.

"ஏழு கழுதை வயசாச்சு, பொம்மை கேக்குறான்!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் அண்ணன். அவரும் அதே பொம்மையைத்தான் கேட்டவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவராகப் பேசினால் ஒழிய நான் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவரும் அதே அச்சு. தேவகோட்டைக்குக் குடிபோய்விட்டார். இரண்டு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது. என் சிப்பாய்கள் பீரோவுக்குள் வேலையில்லாமல் நின்றார்கள். அவர் இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளே பிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பெரியப்பாவை அழைக்காமல் எப்படி? தேவகோட்டை பஸ்ஸில் ஏறினேன். அண்ணன் மனைவிதான் வாசலுக்கு வந்தார்.

"ஏன் அங்குட்டே நிக்கிறீக? உள்ள வாங்க."

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "வந்தவுகளுக்குக் காப்பி குடு" என்று மனைவியிடம் சொன்னார். நானும் பத்திரிகையை அவர் மனைவியிடமே நீட்டினேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

பீரங்கி நின்றது. தச்சு ஆசாரியிடம் சொல்லிச் செய்த ஆறு மரச் சிப்பாய்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கு மீசை. மற்ற மூன்று பேருக்கும் கண்ணாடி வரைந்திருந்தது. எங்கள் வீட்டில் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான். அந்த மூவரும் மல்லாந்து கிடந்தார்கள். பக்கத்துச் சிலேட்டில் அண்ணன் பெயருக்குக் கீழே வெற்றிக் கோடுகள் நிரம்பி வழிந்தன. என் பெயருக்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் இல்லாத நேரமாப் பாத்து என்னையத் தோக்கடிக்கிறீகளே, இது நியாயமாண்ணே?" என்று கத்திவிட்டேன்.

"நீ வராம இருந்தா, உனக்கும் சேத்து நான்தானடா சுடணும்?" என்றார் அண்ணன்.

வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து என் ஆட்களை நிமிர்த்தினேன். முதல் குச்சி எனக்கு என்றேன். மூத்தவனுக்குத்தான் என்றார். அதற்கு ஒரு சண்டை போட்டோம். இரண்டு வருஷம் கழித்து அவரோடு சண்டை போட எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.